காற்று குறைந்த மலையும் சங்கிலிபூதத்தானின் வல்லயமும்

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. நடுவில் ஒரு முழத்தை ஒரு காதமாக இழுத்திருப்பேன். அதற்காக முழமே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், நடவு வயல் வரப்பில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது இதை எடுத்துவிட்டேன். எதிரே சுடலைவடிவும் அவள் தங்கை முப்பிடாதியும் இருந்ததை யோசிக்கவில்லை.

சுடலைவடிவின் புருஷன் சங்கிலிபூதத்தான் எங்கள் மாடன் கோயில் சாமியாடி. பதினெட்டு வருஷம் கொடைத் திருவிழாவில் சாமியின் ஈட்டியான வல்லயம் பிடித்தவர். மேளம் கேட்டதும் அவர் விடும் மூச்சில் ஆற்றுக்கு அக்கரையில் நெல் தூற்றலாம். அவருக்கு வயிற்றெரிச்சல் வந்தது சகலை பரமசிவனால்.

முப்பிடாதியின் புருஷனான பரமசிவன், யாத்திரை கிளம்பிய ஆவுடைநாயகம் பிள்ளைக்கு மூட்டை தூக்கிக்கொண்டு கேதார்நாத் போய்வந்தவன். பனிமலை ஏற ஏற அவனுக்கு நெஞ்சு தவில் அடித்தது, தலை பிளந்தது, சோறு இறங்கவில்லை, கால் தள்ளாடியது. கூடச் சுமந்த நம்மூர்க்காரர்கள், "மாடன் இறங்கிட்டான்!" என்று திருநீறு பூசிவிட்டார்கள். ஊர் திரும்பியும் அதே பேச்சு. வரும் கொடைக்கு வல்லயம் பரமசிவனுக்குத்தான் என்று முடிவாயிற்று.

சங்கிலிபூதத்தான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவர் வயிற்றெரிச்சலிலேயே சுடலைவடிவு உலை வைத்தாள், விறகு மிச்சம். நாலாம் நாள் பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஐயா, அங்கன அவனுக்கு வந்தது மாடன்தானா?"

பிள்ளை சிரித்தார். "எனக்கும் அதே ஆட்டந்தாம்லே! சைவப் பிள்ளை மேல ஒங்க மாடன் ஏன் இறங்குதான்? மேல போகப்போகக் காத்து கம்மி. ஒடம்பு மூச்சுக்குக் கெடந்து தவிக்கும். பைய ஏறியிருக்கணும். கீழ இறங்கவும் சரியாப்போச்சு."

கொடை அன்று, மேளம் தொடங்குமுன் சங்கிலிபூதத்தான் கூட்டத்தின் நடுவில் கத்தினார்.

"அவனுக்கு வந்தது சாமி இல்லவே! காத்து கம்மி!"

பரமசிவன் தலைகுனிந்தான். கோயில் பெரியவர் தாடையைச் சொறிந்தார்.

"சரிலே. அவனுக்கு மலையில காத்து கம்மி. ஒனக்கும் வருசா வருசம் அதே மூச்சு, அதே தள்ளாட்டம். இங்கன ஆத்தங்கரையில காத்துக்கு என்ன கொறச்சல்?"

மேளம் முழங்கியது. சங்கிலிபூதத்தான் மூச்சு வாங்கவே பயந்து கட்டையாக நின்றார். அந்த வருஷம் வல்லயம் யார் கைக்கும் போகாமல் சுவரிலேயே சாய்ந்து கிடந்தது.

இதைச் சொல்லி முடிக்கவில்லை, சுடலைவடிவு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, எம்புருசன் கையில இருந்ததக் கெடுத்தது ஒம்புருசன்தான்!"

"பொறாமையில பிள்ளை வீட்டு வாசலுக்கு ஓடுனது யாருக்கா?"

ஒரு நாற்று முடி பறந்தது. குறி தப்பி என் கஞ்சிக் கலயத்தில் விழுந்தது.