நீளக் கட்டைக்கு விட்ட இடம்

போன சனிக்கிழமை மகளுக்கு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டோம். காரணம் – ஒரு வீடியோ கேம்!

நம்புங்கள். என் ஆறு வயது மெலனி, மேலிருந்து கட்டைகள் விழும் அந்த விளையாட்டைப் போனில் ஆடிக்கொண்டே வீட்டு வளவுக்குள் நடந்திருக்கிறாள். வீட்டின் பக்கவாட்டில் அத்திவாரத்திலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று முழங்காலைக் கிழித்துவிட்டது.

சின்னக் காயம்தான். ஆனால் என்னை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் எதையும் சும்மா விடமாட்டேன்... ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே கேள்வி. யார் பிழை? போனைக் கொடுத்த நானா, கம்பியை விட்டுவைத்த என் அப்பாவா?

"ரெண்டில ஒண்டு செய்யும். கேமை அழியும், இல்லாட்டிக் கம்பியை வெட்டுவிப்பம்" என்றார் கணவர்.

கேமை அழிக்கத்தான் போனேன். விரல் போகவில்லை. அது என் கேமும்தானே!

தமிழ்நாட்டு அகதி முகாமில் என் அண்ணாவிடம் ஒரு சாம்பல் நிற கேம் பெட்டி இருந்தது. உறையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள் என்று போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். பற்றரி களைத்தால் வெயிலில் காயவைப்போம். தோற்றவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் – அது சட்டம். குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும். எங்கள் வாசலில் ஆட்ட முறைக்குச் செருப்புகள் நிற்கும்.

அண்ணா எப்போதும் ஓரத்தில் ஒரு கட்டை அகலத்துக்கு இடம் விடுவார். நீளக் கட்டை வந்து நேராக இறங்கினால் நான்கு வரி ஒரேயடியாக மறையும்.

"அடைச்சு விடுங்கோ அண்ணா, குவியுது!"

"பொறு பிள்ளை. வரும்."

பல நேரம் வராது. குவியல் உச்சியில் முட்டும். அண்ணா மறுபடி வரிசையின் கடைசியில் செருப்பைக் கழற்றி வைப்பார்.

முதன்முதலில் இந்த விளையாட்டை, படமே காட்டத் தெரியாத ஒரு கணினியில் வெறும் அடைப்புக்குறிகளைக் கட்டைகளாக அடுக்கிச் செய்தார்களாம் – அண்மையில் வாசித்தேன். பிறகு கையடக்கப் பெட்டி, பட்டன் போன், இப்போது தொடுதிரை. எத்தனை முறை புதுச் சட்டை போட்டு வந்துவிட்டது! உள்ளே அதே கட்டைகள்.

ஊரில் சண்டை முடிந்து நாங்கள் பள்ளிமுனைக்குத் திரும்பினோம். அண்ணா வரவில்லை. அங்கேயே கல்யாணம், பிள்ளைகள், பள்ளிக்கூடம். வருகிற வருசம், வருகிற வருசம் என்பார். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டும்போது அப்பா தன் கைக்காசில் ஓர் அறைக்கு அத்திவாரம் கூடுதலாகப் போட்டு, இரண்டு மூலையிலும் தூணுக்குக் கம்பி விட்டார். அந்தக் கம்பிதான் மெலனியைக் கிழித்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அண்ணாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"கம்பியா? எந்தக் கம்பி?"

"உங்கட அறைக்கு அப்பா விட்ட கம்பி, அண்ணா."

அண்ணா போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்.

"எனக்கு அறை விட்டிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை."

சொல்லவில்லையா? நான் அப்பா சொல்லியிருப்பார் என்றிருந்தேன். அப்பா நான் சொல்லியிருப்பேன் என்றிருந்தாராம். இத்தனை வருசம்!

"பிள்ளையைக் கிழிக்கிற கம்பி எனக்கு என்னத்துக்கு? வெட்டு" என்றார் அண்ணா. முகத்தைத் திரைக்கு வெளியே திருப்பிக்கொண்டார்.

"வெட்டினா வெட்டினதுதான், பிறகு ஒட்டேலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா தன் மீன் வலையருகே போய் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை கட்டட வேலை மேசன் அரிவாளோடு... மன்னிக்கவும், கம்பி அறுக்கும் வாளோடு வந்துவிட்டார். முழங்காலில் கட்டுடன் மெலனி பக்கத்தில் வந்து போனைக் காட்டினாள்.

"அம்மா, இதில நீளக் கட்டையை இந்தப் பெட்டிக்குள்ள எடுத்து வைக்கலாம். பிறகு வேணுமெண்டேக்க எடுக்கலாம்."

எங்கள் சாம்பல் பெட்டியில் இல்லாத வசதி. இது தெரிந்திருந்தால் அண்ணா எத்தனை ஆட்டம் தப்பியிருப்பார்?

மேசனைக் கேட்டேன். "வெட்டாமல் எடுத்து வைக்கிற மாதிரி ஒண்டும் இல்லையோ?"

அவர் சிரித்தார். "ஏன் இல்லை, தங்கச்சி? கம்பியை மடிச்சுப்போட்டு மேல கொங்கிறீற்றால மூடி விடுவம். தேவையெண்டேக்க உடைச்சு நிமித்திறதுதானே. இதை முதலே சொல்லியிருக்கலாமே! இந்தக் கிழமை நான் மூடிறது இது மூண்டாவது வீடு."

வலையை விட்டு அப்பா எழும்பி வந்தார். கலவையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சீமெந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடும். உடைக்க லேசா இருக்கோணும்."

இப்போது இரண்டு மூலையிலும் இரண்டு குட்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் மெலனி உட்கார்ந்து விளையாடுகிறாள். உட்கார்ந்துதான் விளையாட வேண்டும் – அது புதுச் சட்டம்.

அண்ணா, இதை வாசித்தால்... கம்பி வெட்டுப்படவில்லை. உள்ளேதான் மடிந்து கிடக்கிறது.