நான் வெளுத்த படங்கு

என் மகளின் உழைப்பை நான் தெரிந்தே கெடுத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், நுவரெலியாவில் எங்கள் வீட்டில் நடந்தது.

மகள் ஆடை வடிவமைப்புப் படித்தாள். இறுதிக் கண்காட்சிக்கு ஒரு நீளக் கோட்டு தைத்திருந்தாள். உள்ளே அவளது சிறுவயதுப் பள்ளிச் சீருடைத் துணி. வெளியே, காலமான என் மனைவியின் படங்கு. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்கு. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள் எங்கே வந்து நிற்கிறாள் என்பதை அந்தக் கோட்டு சொல்ல வேண்டும் என்று, கொழுந்துக் கறையை அப்படியே விட்டிருந்தாள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தப் படங்கு கட்டிய கூலிதான். ஆனால் மனைவி தேயிலை மலையில் வேலை செய்தவள் என்று சக ஆசிரியர்களிடம் நான் சொன்னதே இல்லை. கண்காட்சிக்கு அவர்களும் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், மகள் வெளியே போன நேரம் பார்த்து, கோட்டைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். கறை போனது, சாக்கும் நைந்து வெளிறியது.

“ஊத்தையா இருந்துச்சும்மா, அதான்...”

“பொய் சொல்லாதீங்கப்பா. அம்மா மலைக்குப் போனது ஒங்களுக்கு வெக்கம்.”

கோட்டு இல்லாமலே கண்காட்சி நடந்தது. அதன்பின் மகள் சோறு போடுவாள், பேச மாட்டாள். வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி வேலை செய்த ராகலைத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். மனைவியோடு வேலை செய்த பெண்ணை மலையில் கண்டு, நடந்ததைச் சொல்லி, பழைய படங்கு ஒன்று கேட்டேன்.

“சும்மா தர ஏலாது மாஸ்டரு. கட்டிக்கிட்டு எறங்குங்க, பாப்போம்!”

அவரே கட்டிவிட்டார். சுற்றி நின்ற பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மாஸ்டரு மாப்புள கணக்கா இருக்காரு!”

“ஐயோ, முத்தல் எலைய புடுங்காதீங்க, கங்காணி ஏசுவாரு!”

மத்தியானம் வரை பறித்தேன். முதுகு நிமிரவில்லை. மனைவி இதைச் செய்துவிட்டு வந்துதான் எனக்குச் சமைத்தாள்.

அந்தப் படங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். “இது அம்மாவோடது இல்லையே” என்றாள் மகள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். சில வாரங்களில் அதில் எனக்கொரு கையில்லாத மேல்சட்டை தைத்துத் தந்தாள்.

“போட்டுக்கிட்டு டவுனுக்குப் போங்க.” கோபம் தீர்ந்த குரல் இல்லை அது.

போட்டுக்கொண்டுதான் போகிறேன். இதென்ன துணி என்று கேட்பவர்களிடம் மனைவியின் வேலையைச் சொல்கிறேன். அவள் இருக்கும்போது ஒருமுறையாவது நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.