மீன் ஐஸில் வைத்த வயிற்றுத் துணுக்கு

கயல், இளங்கோ, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் "மெழுகு சீவுறாங்க" என்கிறீர்களாம். தப்பில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவோம். அதற்கு பிளாக் என்று பேர். அதை மிஷினில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பேன்.

போன கோடையில் டாக்டர் ஷமீமா வயிற்றுப் புற்றுநோய் பற்றித் தீசிஸ் செய்தார். அதிராம்பட்டினத்துக் கடற்கரைப் பெண். மேல்படிப்புக்கு வந்தவர். விஷயம் இதுதான்: நம் உடம்பில் வயதான செல்லைச் சாக வைக்க ஒரு புரோட்டீன் இருக்கிறது. யூரியா அதிகமான வயல் அறுப்பு நேரத்திலும் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும், பார்த்திருக்கிறீர்கள். புற்றுநோய் செல்லும் அப்படித்தான், சாக மறுக்கும். அந்தப் புரோட்டீன் இருந்தால் ஸ்லைடு பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளை. புற்றுநோயில் அது இருக்காது என்பது டாக்டரின் கணிப்பு.

முதல் தடவை எல்லாப் புற்றுக்கட்டிகளும் வெள்ளை. டாக்டர் குதிக்காத குறை.

"அண்ணே, நான் நினைச்சது அப்படியே வந்திருக்கு."

கடைசியாக, சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல் ஸ்லைடை வைத்தார். அது தொண்டை டான்சில் சதை, கட்டாயம் பழுப்பாக வேண்டும். அதுவும் வெள்ளை. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரிட்ஜ் மூச்சை நிறுத்தி, உள்ளே இருந்த சாய மருந்து கெட்டிருந்தது.

புது மருந்து வந்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போனது. பிளாக் குளிர்ந்தால்தான் சீவ வரும், அந்த வெயிலிலோ மெழுகு குழைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மீன் விற்கும் செல்லம்மாவிடம் ஐஸ் கேட்டேன்.

"எந்த மீனுக்கு?"

"மீனுக்கில்ல, வயித்துக்கு."

"வயித்துல ஐஸ் வைக்கிற வைத்தியம் எப்பருந்துய்யா?" என்றபடி அள்ளிப் போட்டாள்.

டாக்டர் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "என்னண்ணே, லேப்ல கொடுவா வாடை அடிக்குது?"

மீன் பேரைக்கூடச் சரியாகச் சொன்னார்.

ஒவ்வொன்றாகச் சீவினேன். மிஞ்சியது பாபநாசத்து விவசாயி ஒருவரின் பிளாக். எண்டோஸ்கோபியில் கிள்ளிய துணுக்கு, ஏற்கெனவே சீவித் தேய்ந்திருந்தது. இன்னொரு முறை சீவினால் சதை தீர்ந்து வெறும் மெழுகுதான் மிஞ்சும்.

"இது இல்லாட்டி உங்களுக்கு ஒரு கேஸ் குறையுமே மேடம். கைடு ஒத்துக்குவாரா?"

"திட்டுவாரு. திரும்பப் பண்ணச் சொன்னாலும் சொல்லுவாரு." அந்த பிளாக்கைக் கையில் எடுத்தார். "அந்த ஐயா எங்க இருக்காரு இப்ப?"

"உளுந்து அறுப்பை முடிச்சுட்டு வைத்தியத்துக்கு வர்றேன்னு ஊருக்குப் போயிருக்காரு."

"அப்ப விட்டுடுங்கண்ணே. நாளைக்கு அவருக்கு மருந்து மாத்தணும், வேற டெஸ்ட் வேணும்னா எங்க போவாரு? எனக்குத் தீசிஸ், அவருக்கு உசுரு."

இந்த முறை கன்ட்ரோல் நன்றாகப் பழுத்தது. புற்றுக்கட்டிகளில் பல வெளுத்திருந்தன, சில நல்ல பழுப்பு. முதலில் வந்ததை நம்பியிருந்தால் பொய்யை எழுதியிருப்போம். ஆசைப்பட்ட பதில் வரும்போதுதான் கன்ட்ரோலை முதலில் பார்க்க வேண்டும், பிள்ளைகளே. அந்த ஒரு கேஸுக்காக டாக்டர் நன்றாகத் திட்டு வாங்கினார். சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார்.

அன்று எல்லோரும் போனபின் கொஞ்சம் மெழுகு உருக்கினேன். பாபநாசத்து பிளாக்கின் சீவிய முகத்தைத் துடைத்து, காற்றுப் படாதபடி அதில் ஒரு முக்கு முக்கி எடுத்தேன். ஆறும்வரை கையிலேயே வைத்திருந்து, அதன் இடத்தில் வைத்து டிராயரைத் தள்ளினேன்.