கொதிகலன் கையேட்டுக்கு எழுதுவோர் கவனத்திற்கு

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் பொறியியல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் வீடு. காலைச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்துவிடுவேன். அந்த அலுவலகத்தில் பெண் என்று நான் ஒருத்திதான். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சில் ஹையர் பரீட்சை பாஸ் செய்திருந்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

ஆலையின் கொதிகலன் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்து இறங்கியது. அதோடு வந்த குறிப்புப் புத்தகமும் பிரெஞ்சில்தான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஆலைக்குள் ஒருவரே. அவர் கொதிகலன் மேற்பார்வையாளர். வெள்ளை அரைக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு, ஆலை முழுக்கப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று கூப்பிடப்பட்டவர். அவர் ஓய்வு பெறுவதற்குள் தமிழில் ஒரு கையேடு தயாராகிவிட வேண்டும் என்று எங்கள் பொறியாளர் முடிவு செய்தார். நீராவி பற்றி முசியே எழுதுவார், குழாய்களையும் பம்புகளையும் பற்றி ஃபிட்டர் மேஸ்திரி எழுதுவார், மோட்டார் சமாச்சாரம் எலக்ட்ரீஷியனுக்கு. அவர்கள் கொடுப்பதை நான் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் அடித்துப் பிரதி எடுக்க வேண்டும்.

"வர்றத வர்ற மாதிரியே அடிச்சிடும்மா. உனக்கு இதுல வேற வேல இல்ல" என்றார் பொறியாளர்.

அப்படியே அடித்தேன். ஒவ்வொரு பக்கமும் முடிய முடியக் கொதிகலன் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். புத்தகமாகத் தைப்பது பிறகு என்று பேச்சு.

அந்தக் கூடத்தில் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒருவர் நெருப்புப் போடும் வேலையில் இருந்தார். அவர் அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். கல்யாணமான பிறகு நிலையான சம்பளம் வேண்டும் என்று இவர் மட்டும் ஆலைக்கு வந்தவர். இன்னும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமாகும் நேரத்தில் ஒரு விபத்து நடந்தது.

கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று வால்வுகள். மேலே உள்ளது நீராவிக்கு, நடுவில் தண்ணீருக்கு, அடியில் கழிவுக்கு. அன்று கண்ணாடி வெடித்தது. மேலே உள்ள இரண்டையும் மூட வேண்டும். அவர் கீழே உள்ள இரண்டை மூடினார். மேலிருந்து நீராவி பீறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவர் பாய்ந்து வந்து மூடுவதற்குள் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் படுக்கையில் இருக்கும்போதே கவனக்குறைவு என்று மெமோ தயாரானது. அதை அடித்தவளும் நான்தான்.

மறுநாள் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுக்கக் கொதிகலன் கூடத்துக்குப் போனேன். சுவரில் முசியேவின் தாளும் மேஸ்திரியின் தாளும் அருகருகே இருந்தன. அடித்தபோது தனித்தனியாகப் பார்த்ததை அப்போதுதான் சேர்த்துப் படித்தேன். 'கண்ணாடி உடைந்தால் முதலாம், இரண்டாம் ரொபினேக்கள் மூடப்பட வேண்டும்' என்று முசியே எழுதியிருந்தார். அவர் எண்ணியது மேலிருந்து. மேஸ்திரியின் தாளில் அதே மூன்றும் வால்வு என்ற பெயரில் இருந்தன. அவர் குழாய் மாட்டுகிறவர், கீழிருந்து எண்ணியிருந்தார். ஒன்றாம் வால்வு கழிவுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எது எது என்று மேஸ்திரியின் தாளில் பார்த்து, எதை மூடுவது என்று முசியேவின் தாளில் பார்த்தால், அந்த மனிதர் செய்ததைத்தான் யாரும் செய்வார்கள். கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது என்ற எச்சரிக்கை வேறு எல்லாவற்றுக்கும் கடைசி வரியாகக் கிடந்தது.

இரண்டு தாளையும் பிய்த்துக்கொண்டு நேராகப் பொறியாளரிடம் போனேன்.

"சார், ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க. சேத்துப் படிச்சாத்தான் தப்பு வருது."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மெமோ போயிட்டுதேம்மா. இப்ப என்னா பண்ணச் சொல்ற?"

"மெமோவ அப்பறம் பேசலாம் சார். மொதல்ல இன்னொருத்தர் கை வேகாம இருக்கணும். இவங்க மூணு பேரும் ஒரே மாதிரி எழுதணும்."

"அவங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் எழுதித் தர்றேன் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை எழுதினேன். தலைப்பு: 'கையேட்டுக்கு எழுதுவோர் கவனத்திற்கு.' ஒரு பொருளுக்கு ஒரே பெயர்தான், மூன்று பேரும் அதையே எழுத வேண்டும். 'மூடப்பட வேண்டும்' என்று எழுதக் கூடாது. யார் மூடுவது என்று சொல்ல வேண்டும். ஒரு வரியில் ஒரு வேலை. எச்சரிக்கை வேலைக்கு முன்னால் வர வேண்டும். இவ்வளவும் சுலபமாக வந்துவிட்டது. அடுத்தவர் எழுதியதில் கை வைப்பதைப் பற்றி எழுதத்தான் நேரம் பிடித்தது. ஏனென்றால் அதற்குள் மேஸ்திரி முசியேவின் கையெழுத்துப் பிரதியை வாங்கி, ரொபினே என்று வந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்து வால்வு என்று போட்டிருந்தார். முசியே அதைப் பார்த்துவிட்டு அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

எனவே இப்படி எழுதினேன்: அடுத்தவர் எழுத்தை அடித்துத் திருத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் நீலப் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, கேட்டவர் தன் பிரிவின் முதல் எழுத்தைப் போட வேண்டும். ஆபத்தான இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஓரக்கோடு. ஸ்டென்சிலில் நிறம் வராது என்பதால் சிவப்புக் கோடு போட்ட வரிகளைச் சுற்றி நான் ஊசிப் பேனாவால் கட்டம் கீறுவேன். நீலக் கேள்வி ஒன்றாவது பாக்கி இருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்டென்சிலில் அடிக்க மாட்டேன்.

கடைசி வரியைப் பார்த்துப் பொறியாளர், "அடிக்க மாட்டேன்னா?" என்றார்.

"மாட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டார்.

எலக்ட்ரீஷியன் தாளை வாங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு, "வணக்கம் டீச்சர்" என்றார். மேஸ்திரி படிக்காமலே சட்டைப் பையில் மடித்து வைத்தார். முசியே மட்டும் மாடியேறி என் மேசைக்கே வந்தார்.

"மத்மசேல், நீ பொறக்கறதுக்கு முன்ன நான் பாய்லர்ல நின்னவன். எனக்கு எழுதச் சொல்லித் தர்றியா?"

கோபத்தில் அவர் குரல் ஏறவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"பாய்லரப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க முசியே. உங்க தாளப் படிச்சிட்டு என்னால எதையும் மூட முடியல. அங்க நிக்கறவரு கதியும் அதான்."

"அவன் என்னக் கேட்டிருக்கலாம்."

"நீங்க அடுத்த வருஷம் இருக்க மாட்டீங்களே."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அவர் படியிறங்கிப் போனார். ஆனால் தாளைத் திரும்பப் பெறுவதாக இல்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொதிகலனைச் சுத்தம் செய்ய அணைத்து வைத்திருப்பார்கள். அப்போது எல்லாரும் வந்து ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

ஞாயிறு காலை எல்லாரும் வந்திருந்தார்கள், முசியே உட்பட. கை வெந்தவரும் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். கட்டுப் பிரித்த கையில் தோல் ரோஸ் நிறமாக மினுங்கியது. நான் படிக்கப் படிக்க அவர் செய்து காட்ட வேண்டும் என்றதும் பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு வேணாங்க்கா. மறுபடியும் எம்மேலயே போடுவாங்க."

"இன்னிக்கித் தப்பானா அது தாளோட தப்பு. சார் எதிர்லயே சொல்றேன்" என்றேன். பொறியாளர் தலையாட்டினார்.

பழைய தாள்களையே படித்தேன். "முதலாம், இரண்டாம் ரொபினேக்கள் மூடப்பட வேண்டும்." அவர் கை கீழே உள்ளதற்குப் போனது.

"அது இல்லப்பா, மேல!" என்றார் முசியே.

"ஒண்ணுன்னா அதாங்க ஒண்ணு. கரெக்டாத்தான் கை வைக்கிறான்" என்றார் மேஸ்திரி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் பேசாதவர்கள். கை வெந்தவர் வால்விலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

முசியே அவர் அருகே போய் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்பரே வேணாம். பேரு வை. அந்தப் பேரு தாள்ல மட்டும் இருந்தா ஆவாது, இரும்புலயும் இருக்கணும். இரும்புல என்னா இருக்கோ அதையே தாள்ல எழுதணும். உன் ரூல்ல அது இல்ல."

உண்மைதான். எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. அங்கேயே குனிந்து விதித்தாளில் எழுதிக்கொண்டேன்.

என்ன பெயர் என்பதில் மறுபடி சண்டை. ரொபினேவை முசியே விட மாட்டார், வால்வை மேஸ்திரி விட மாட்டார். எலக்ட்ரீஷியன்தான், "அதத் தெனம் தொடறவங்கள யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். நெருப்புப் போடுகிறவர்கள் தங்களுக்குள் அதைத் திருகு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீராவித் திருகு, தண்ணித் திருகு, கழிவுத் திருகு. அடுத்த வாரம் மேஸ்திரி பித்தளைத் தகட்டில் மூன்று பெயரையும் தானே வெட்டி மாட்டினார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது என்று சொல்ல முடியாது, நகர்ந்தது. நீலக் கேள்விகள் குவிந்தன. முசியேவின் பக்கம் ஒன்றில் மட்டும் ஓரம் முழுக்க நீலமாக இருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பதில் எழுதித் தந்தார், இரண்டு இடத்தில் பிரெஞ்சில். பதில் வராத பக்கத்தை நான் அடிக்கவில்லை. பொறியாளர் அவசரப்படுத்தியபோதும் அடிக்கவில்லை.

நடுவே மெமோ இருந்தது. அது கோப்பில் இருக்கும்வரை அந்த மனிதருக்கு வேலை நிரந்தரமாகாது. அதை ரத்து செய்யும் கடிதத்தை நானே அடித்து, கையெழுத்துக்கு வைக்கும் தாள்களுக்கு மேலே வைத்தேன். மாலையில் பார்த்தால் அது அடியில் போயிருக்கும். மறுநாள் எடுத்து மேலே வைப்பேன். மறுபடி அடியில். மானேஜரிடம் தன் அலுவலகத்தின் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று பொறியாளருக்குத் தயக்கம். எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மேலே வைப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் அவர் பேனாவைத் திறந்துகொண்டே, "விடவே மாட்டியாம்மா?" என்றார். "கையெழுத்தாயிட்டா விட்டுடுவேன் சார்" என்றேன். சிரிக்காமல் போட்டுத் தந்தார். மானேஜரிடமும் அவரே கொண்டுபோனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அரை மணி நேரம் கழித்துச் சிவந்த முகத்தோடு வந்து, "முடிஞ்சிது" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைச்சாவடிக்காரருக்கு அந்தப் பொங்கலுக்கு முன்னால் வேலை நிரந்தரமானது. கையேடும் முசியே ஓய்வு பெறும் வாரத்தில் தைத்து முடிந்தது. முதல் பிரதியை அவரிடம் கொடுத்தபோது நின்றபடியே புரட்டி, கண்ணாடிக் குழாய் பற்றிய பக்கத்தில் நிறுத்தி, கட்டம் போட்ட எச்சரிக்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். "மெர்சி, மத்மசேல்" என்றார். நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, இருபதாம் பக்கத்தில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருப்பதைச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளைச்சாவடிக்காரர் கையேட்டை ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"எழுத்தெல்லாம் ஊறிப்போச்சுக்கா. ஆவியில நிக்க மாட்டேங்குது. பாருங்க."

பக்கங்கள் உப்பி, மை பரவிக் கிடந்தது. ஆவி அடிக்கும் கூடத்தில் படிக்கப்போகிற புத்தகம் என்று எழுதிய நாங்கள் நால்வரும் யோசிக்கவில்லை. அவரை உட்காரச் சொன்னேன். எந்தப் பக்கங்கள் வேலை நடக்கும்போதே வேண்டும், எவை கூடத்துக்கு வெளியே இருந்தால் போதும் என்று அவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சுவரில் இருக்க வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போடலாம் என்று பேசிக்கொண்டோம். அவர் போனதும், எங்கே நின்று படிப்பார்கள் என்று யோசித்து எழுத வேண்டும் என்பதையும் விதித்தாளில் சேர்த்து அடிக்க, ரிப்பனை விலக்கிவிட்டு மிஷினில் புது ஸ்டென்சிலைச் செருகினேன்.