செவ்வந்திக்கு வெள்ளைப் பூ வந்தது

செவ்வந்திக்குக் கரண்ட் என்றால் பயம். பம்பு மோட்டார் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு இப்படியொரு பயம் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. அவள் இருந்தது வைண்டிங் செக்‌ஷன். செம்புக் கம்பியைச் சுற்றி, கட்டுக் கட்டி, இரும்பு வளையத்துக்குள் சொருகுவதோடு அவள் வேலை முடிந்தது. அங்கே மோட்டாருக்கு உயிர் கிடையாது. கரண்ட் கொடுத்துப் பார்ப்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், டெஸ்டிங்கில். நடுவில் இருந்த கதவை அவள் பத்தொன்பது வருடத்தில் ஐந்து தடவை தாண்டியிருந்தால் அதிகம்.

அவளுக்கு ஒன்பது வயதில், அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா ஐயாசாமி பண்ணையத்துக்கு ஆளாக இருந்தார். மழை விட்ட காலையில் சோற்றுப் போசியோடு அவள் வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். மோட்டார் ரூமுக்குள் அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்ததைப் பார்த்தாள். அடுத்து அவர் வெளியே சேற்றில் கிடந்ததைப் பார்த்தாள். இடையில் நடந்ததை அவள் கண் பிடிக்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அப்புறம் நிமிரவே இல்லை. அந்த இரண்டையும் மடக்கிக்கொண்டே இன்னும் இருபது வருடம் சோறு தின்றார்.

இன்றைக்கும் வீட்டில் மிக்சி பிளக்கைச் சொருகுமுன் செவ்வந்தி கையை முந்தானையில் மூன்று தரம் துடைப்பாள். மகள் இனியா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "அம்மா, ஆபரேஷனுக்குக் கை கழுவற டாக்டர்கூட இத்தனை பண்றதில்ல" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எஞ்சினியர் நிதீஷ் வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினான். இருபத்தெட்டு வயதுப் பையன். எல்லோரையும் அக்கா என்றுதான் சொல்வான்.

"தானா சுத்தற மெஷின் வருதுங்கக்கா. அதுக்கு நாலு பேர் போதும். யாரையும் வெளிய அனுப்பல. டெஸ்டிங்ல ஆள் வேணும், அங்க வரலாம். வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டு செட்டில்மெண்ட் வாங்கிக்கலாம். திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க."

செவ்வந்தியின் பக்கத்து மேசைக்காரி பழனியாத்தாள் கையைத் தூக்கினாள். செவ்வந்தியைவிட ஆறு வயது மூத்தவள். வாயும் அதற்கேற்ற நீளம். "ஏனுங் சார், அங்க எத்தன வோல்ட்டுங்க?"

"ரெண்டாயிரமுங்க."

"ஊட்ல இருக்கறது?"

"எரநூத்து முப்பது."

"அப்போ ஒரு வளவுல இருக்கற அத்தன ஊட்டுக் கரண்டையும் ஒரு பொட்டியில வெச்சிருக்கறீங்க. நாங்க போயி அதத் தொட்டுக் கும்பிட்டுக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள்.

கம்பி சுற்றுகிற வேலை போவதில் அவளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. கழுத்து வலியும் கண் எரிச்சலும் தவிர அது மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்றுதான், விரல். வைண்டிங் பெண்கள் பாராமலே கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, இது இருபத்திரண்டாம் நம்பரா இருபத்துமூன்றாம் நம்பரா என்று சொல்லிவிடுவார்கள். மயிரிழை வித்தியாசம்கூட விரலுக்குத் தப்பாது. மெஷின் சுற்றினால் சுற்றிக்கொள்ளட்டும். ஆனால் வேலை வேண்டும். இனியா படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவும்போக, காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது ஜன்னல் தன்னுடையது என்று இருப்பது அவளுக்குப் பிடிக்கும். நாற்பத்தாறு வயதில் அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? உட்காராமல் இருந்தால், அந்தப் பெட்டியைத் தொட முடியுமா?

புருஷன் பிரான்சிஸ் பெயிண்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னான். "நான் நாலு மாடி ஒசரத்துல கவுத்துல தொங்கிட்டுப் பெயிண்ட் அடிக்கறேன். நீ ரப்பர் மெத்த மேல நின்னு பட்டன அமுக்கறதுக்கு அழுவற."

"உங்குளுக்கு உழுந்தாத்தானுங்க. இது நின்ன எடத்துலயே புடிக்குமுங்க."

"அந்த நிதீஷ் பையங்கிட்டப் போயி நாலு கேள்வி கேளு. பயம் பாதி போயிரும்."

"பழனியாத்தாக்கா பூக் கேக்கலாங்குது. ஞாயித்துக்கெழம எங்க ஊருக் கோயலுக்குப் போறமுங்க."

பிரான்சிஸ் சிரித்துவிட்டான். "கரண்டு வேலைக்கு மாகாளியம்மங்கிட்டயா கேப்ப?"

"புத்தாண்டுக்குச் சர்ச்சுல குலுக்கிப் போட்ட வாக்குத்தத்த அட்டையில ஒண்ண எடுத்துட்டு வந்து செவுத்துல ஒட்டுனது ஆருங்க?"

அவன் குழம்பு கேட்டான். பேச்சு அதோடு நின்றது.

ஞாயிறு காலை கோயிலில் கூட்டமில்லை. பூசாரி வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்கு அரளியும் எடுத்து, பேப்பர் துண்டில் ஒரே அளவாக இரண்டு பொட்டலம் மடித்தார். மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்த காரியத்தைச் செய்யலாம், அது ஆத்தாள் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். கேட்கிறவள் கையால் எடுக்கக்கூடாது. அதனால் பழனியாத்தாள் எடுப்பதாக ஏற்பாடு.

பஸ்ஸில் வரும்போதே செவ்வந்தி முடிவு செய்திருந்தாள். 'எழுதிக் குடுத்துபோட்டு வேலைய உட்டு நின்னுக்கறேன் தாயே, சரியா?' இதுதான் கேள்வி. கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள். பூசாரி குலுக்கிப் போட்ட பொட்டலங்கள் கல்லில் விழுந்த சத்தம் கேட்டதும் இனியாவின் முகம் வந்தது, உடனே 'இல்லீங், டெஸ்டிங்குக்கே போறேன்' என்று வாய் முணுமுணுத்தது. அடுத்த கணம் மோட்டார் ரூம் வந்தது, அப்பா சேற்றில் கிடந்தார். 'வேண்டாம், நின்னுக்கறேன்.' மறுபடியும் இனியா. மனது இப்படி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்க, பழனியாத்தாள் குனிந்து இரண்டு பொட்டலங்களையும் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அவசரப்படவில்லை.

"வெள்ள வந்துருச்சு!" என்றார் பூசாரி. "நெனச்சதத் தாராளமாச் செய்யி, கண்ணு."

செவ்வந்தி கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் நந்தியாவட்டை இருந்தது. கடைசியாக எதை நினைத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாமி, இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?"

பூசாரி முறைத்தார். "வெள்ள குடுத்தும் நம்பலியாம்மா? ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான்."

திரும்புகிற பஸ்ஸில் பழனியாத்தாள் தொடையைத் தட்டினாள். "அப்போ டெஸ்டிங்குதான? நல்லதாப் போச்சு போ!"

'என்ன கேட்டேன்னே தெரீலக்கா' என்று சொல்லியிருக்கலாம். ஆத்தாளிடம் கேள்வியைத் தொலைத்துவிட்டு வந்தவள் என்று ஊர் முழுக்கச் சிரிக்கும். செவ்வந்தி தலையை ஆட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி முடிவெடுத்தாள். யாரிடமும் பேசாமல், திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுவது. கொடுத்த பிறகு யார் என்ன சொன்னால் என்ன?

ஆனால் திங்கட்கிழமை காலை டீக்குள் பழனியாத்தாள் செக்‌ஷன் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். செவ்வந்திக்கு வெள்ளைப் பூ வந்த கதையில் இப்போது கோயில் மணி தானாக அடித்தது வரைக்கும் சேர்ந்திருந்தது. மத்தியானம் கேன்டீனில் நவ்யா வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். செக்‌ஷனில் வயதில் சின்னவள், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை.

"அக்கா, நான் எழுதிக் குடுத்தரலாம்னுதான் இருந்தேன். உங்குளுக்கே உத்தரவு வந்துருச்சுன்னாங்க. அப்பறம் எனக்கென்னன்னு நானும் டெஸ்டிங்குக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க்கா."

செவ்வந்தி கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "நீ மட்டுமா?"

"நாங்க ஆறு பேருங்க. பழனியாத்தாக்கா எங்குளுக்கு முன்னாலயே போட்டுட்டாங்க."

ஆறு பேர். ஒரு பொய்த் தலையாட்டலுக்கு ஆறு பேர். நாளைக்கு இந்தப் பிள்ளையை அந்தப் பெட்டி பிடித்துக்கொண்டால், அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால் ஆறு பேரும் பேரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா, இல்லை இவளைத் தூற்றுவார்களா? அவள் எழுந்து கை கழுவிவிட்டு ஆபீசுக்குப் போனாள். இந்த ஆறு பேரை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தப்பிக்க அவளால் முடியவில்லை. எட்டாவதாகக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து மழையில் நனைந்த கோழி மாதிரி சரிந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை அரிசி களைகிற தண்ணீரில் கையை விட்டவள், எதற்கோ பயந்து வெளியே இழுத்துக்கொண்டாள். கம்பெனியில் மேலே ஓடுகிற ஒயரையெல்லாம் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இத்தனை நாள் இத்தனை ஒயருக்குக் கீழேயா உட்கார்ந்திருந்தோம்?

புதன்கிழமை கதவைத் தாண்டினார்கள். தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் கறுப்பு ரப்பர் விரிப்பு. அதன்மேல் மேசை, மேசையில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. மோட்டாரின் சுற்றை உள்ளே வைத்து, கிளிப் மாட்டி, மூடியைச் சாத்த வேண்டும். பெட்டிக்கு வெளியே இடப்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், வலப்பக்கம் ஒன்று. நிதீஷ் செய்து காட்டினான். இரண்டையும் சேர்த்து அமுக்கினதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டு மாதிரி ஒரு சத்தம். பத்து எண்ணி முடிந்ததும் பச்சை விளக்கு.

"டீ குடிச்சுட்டு வாங்க. செவ்வந்தியக்கா மொதல்ல பண்ணட்டும். அவங்கதான் தைரியசாலின்னு சொல்றாங்க."

டீ டம்ளரோடு செவ்வந்தி பழனியாத்தாளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு உத்தரவெல்லாம் வரலீங்க. அன்னிக்கு நான் என்ன கேட்டேன்னே எனக்குத் தெரீல. போறேன்னேன், நின்னுக்கறேன்னேன், மாத்தி மாத்திக் கேட்டுட்டே இருந்தேன். இந்தப் புள்ளைங்க என்ன நம்பி வந்துருக்குதுங்க. நான் போயிச் சொல்லிர்றேன்."

திட்டுவாள் என்றுதான் செவ்வந்தி எதிர்பார்த்தாள். பழனியாத்தாள் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ என்ன கேட்டிருந்தாலும் வெள்ளதான் வந்திருக்கும், அம்மணி."

"ஏனுங்க்கா?"

"எடுத்தது ஆரு? நந்தியாவட்ட பேப்பருக்குள்ள பஞ்சாட்டம் அமுங்கும். அரளி காம்பு குத்தும். இருவது வருசமாக் கம்பி உருட்டுன வெரலுக்கு இது தெரியாதா?"

செவ்வந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா முன்னாலயா? கோயலுக்குள்ளயா?"

"அவகிட்ட அன்னிக்கே மன்னிப்புக் கேட்டுபோட்டேன். நீ எழுதிக் குடுக்கற யோசனையில இருந்தது எனக்குத் தெரியும். டெஸ்டிங்குக்குப் போலாமான்னுதான் அவகிட்டக் கேப்பீன்னு நெனச்சேன். நீயும் போயிட்டீன்னா நான் ஒண்டியா அந்தப் பொட்டி முன்னால நிக்கோணும்." பழனியாத்தாள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் பயமில்லைன்னு நெனச்சியா, புள்ள? சத்தம் போட்டுப் பேசறவளுக்குப் பயம் இருக்காதா?"

செவ்வந்திக்குக் கோபம் வந்தது. அவளை ஒரு அறை அறையலாம் போல இருந்தது. அதற்குள் நிதீஷ் கூப்பிட்டுவிட்டான்.

திரும்பி நடக்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இனி உத்தரவு கிடையாது. வெள்ளைப் பூ கிடையாது. பெட்டி அப்படியே இருக்கிறது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"சார், கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க. பாதியில கையெடுத்துட்டா என்ன ஆகுமுங்க?"

"கரண்ட் நின்னுருமுங்கக்கா. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் வரும். ஒரு கை எடுத்தாலும் கட்டாயிரும்."

"பயத்துல எடுத்தா?"

"எதுல எடுத்தாலும் நின்னுரும். அதுக்கு அதெல்லாம் தெரியாது."

"மூடியத் தொறந்தா?"

"தொறந்தாலும் நின்னுரும். தொறந்து வெச்சா வரவே வராது."

"செருப்பு ஈரமா இருந்தா?"

நிதீஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை போலிருந்தது. "ஈரச் செருப்போட மெத்தையில ஏறக்கூடாதுங்க. நான் சொல்லியிருக்கோணும்." திரும்பி மற்றவர்கள் காலைப் பார்த்தான். நவ்யா இரண்டடி பின்னால் போய்ச் செருப்பைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

செவ்வந்தி ரப்பர் விரிப்பில் ஏறினாள். கிளிப் மாட்டினாள். மூடியைச் சாத்தினாள், சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், மூன்று தரம். பின்னாலிருந்து யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு கையையும் வைத்தாள். சிவப்பு விளக்கு, வண்டுச் சத்தம். மூன்று எண்ணுவதற்குள் கை தானாகத் தூக்கிக்கொண்டது. சத்தம் நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி வைத்தாள். ஐந்தில் தூக்கிவிட்டாள். சத்தம் நின்றது. மறுபடி, நாலு. பயம் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை அவள் பயந்தபோதும் அது நின்றது. அப்பா கை வைத்த பெட்டி அப்படி நிற்கவில்லை. ஆறாவது தடவை பத்து எண்ணி முடித்தாள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் இரண்டு எண்ணிக்கை அதிகமாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதுமுங்க்கா, விட்டுருங்க" என்றான் நிதீஷ்.

அடுத்தது பழனியாத்தாள். விரிப்பில் ஏறினவள் திரும்பிப் பார்த்தாள். வாயில் ஒரு கிண்டலும் இல்லை. "பக்கத்துல நில்லு, புள்ள."

"கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கோணுமாம். நிக்கறேன்." செவ்வந்தி இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். "பொட்டலத்தத் தடவறாப்புல தடவீட்டு நிக்காதீங்க. கையத் தொடச்சுட்டு வெய்யுங்க. நான் எண்றேன். ஒண்ணு."

அன்று சாயங்காலம் பிரான்சிஸ் பெயிண்டு வாசனையோடு வந்து உட்கார்ந்தான். நடந்ததை எல்லாம் கேட்டான். பொட்டலக் கதையில் புரையேறச் சிரித்தான். செவ்வந்தி சட்னிக்குத் தேங்காயைப் போட்டுவிட்டு, மிக்சி பிளக்கைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஏம்புள்ள, ரெண்டாயிரம் வோல்ட்டப் பாத்துட்டு வந்தவ, இதுக்கு இன்னும் தொடைக்கற?"

"அதுல ரெண்டு பட்டன் இருக்குதுங்க, கையெடுத்தா நின்னுரும்" என்றாள் செவ்வந்தி, மூன்றாவது தரம் துடைத்தபடி. "இதுல அது எங்கிருக்குது?"