பால் ஆகாத பெண்

அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வில்வண்டி எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும், அதிலிருந்து ஒரு பெண் யார் கையையும் பிடிக்காமல் குதித்து இறங்கியதும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பிரசவித்து இரண்டு வாரம்கூட ஆகியிராத உடம்பு. மார்போடு அணைத்த துணிச்சுருளாக ஒரு பெண்குழந்தை. நான் கைநீட்டியபோது குழந்தையைத் தராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "முன்னே ரெண்டு போயிருச்சுங்க நர்சம்மா. இதையாச்சும் எனக்குக் காப்பாத்திக் குடுங்க" என்றாள். பின்னாலேயே அவளுடைய கணவரும் மாமியாரும் இறங்கினார்கள். மாமியார் அவளுக்குச் சொந்த அத்தைதான். அப்பாவின் கூடப் பிறந்தவர்.

முப்பதுகளில் கோயமுத்தூரில் பெண்களுக்கென்று இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் நான். தோட்டங்காட்டுப் பழக்கவழக்கங்களை வார்டில்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் குடும்பத்துக்குப் பருத்திக் காடும் கிணறும் இருந்தன. அவற்றைவிடப் பெருமையாக அவர்கள் சொன்னது கட்டுத்தறியில் நின்ற எருமைகளைத்தான். மோர் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத வீடு. மருமகளுக்குப் பால் நன்றாகச் சுரக்கவேண்டும் என்று அத்தை பூண்டும் கருவாடும் ஆக்கிப்போட்டிருந்தார். பாலும் சுரந்தது. ஆனால் குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது. கண்ணில் மஞ்சள் ஏறி, வயிறு உப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. முந்தைய இரண்டு குழந்தைகளும் இப்படியேதான் போயின என்றாள் அவள். பிறக்கும்போது மூன்றுமே கொழுகொழுவென்று இருந்தனவாம்.

எங்கள் டாக்டரம்மா சென்னையில் படித்தவர். அதிகம் பேசமாட்டார், எதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். குழந்தையின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் விட்டு, நீல மருந்து சேர்த்துக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. அப்படியானால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். இத்தனை சிறிய குழந்தைக்கு நீரிழிவு என்றால் அன்றைய நாளில் நம்பிக்கைக்கே இடமில்லை. இன்சுலின் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "கொஞ்சம் பொறு. ஒரே வீட்டில் மூணு குழந்தைக்கு, அதுவும் பிறந்த கையோடு நீரிழிவா?" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தாய்க்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. கீறிச் சீழ் எடுத்ததால் பாலூட்ட முடியவில்லை. வேறு வழியில்லாமல் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் வடித்த கஞ்சித்தண்ணீரும் சங்கில் புகட்டினோம். மறுநாள் கக்கல் நின்றது. அதற்கும் மறுநாள் குழந்தை கண்ணைத் திறந்து விரலைப் பற்றியது. டாக்டரம்மா மறுபடி சிறுநீரைக் காய்ச்சினார். மருந்து நீலமாகவே இருந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீரிழிவு என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபிறகு கூடியிருக்க வேண்டும். இது அடியோடு மறைந்துவிட்டது. தாய் தேறியதும் ஒரு வேளை பாலூட்டச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் கக்கலும் திரும்பியது, செங்கல் நிறமும் திரும்பியது.

அன்றைக்கே குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். பாலுக்குள் தனியாக ஒரு சர்க்கரை இருக்கிறது, அதைச் செரிக்கும் சக்தி இந்தக் குழந்தையின் உடம்பில் பிறவியிலேயே இல்லை, செரிக்காதது உள்ளேயே தங்கி ஈரலைக் கெடுக்கிறது, வெளிநாட்டில் இப்படிச் சில குழந்தைகளைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன் என்றார். "தாய்ப்பால், பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவும் வேண்டாம். என்றைக்குமே வேண்டாம்."

அத்தை எழுந்துவிட்டார். "ஏனுங்க, பெத்தவ பாலு ஆகாதுன்னா அவ பாலுலதான ஏதோ கோளாறு? கழுதைப்பாலு குடுத்தாச் சரியாப் போயிருமுங்க."

"கோளாறு பாலில் இல்லைம்மா. அவளுடைய பால் சுத்தமான பால். இந்தக் கோளாறு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இப்படி. உங்கள் மகன் பாதி கொடுத்திருக்கிறார், அவள் பாதி கொடுத்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் நீங்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே?"

அதுவரை ஓரமாக நின்றிருந்த கணவர் மெல்ல வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "அப்ப இவ மேல ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டார். "உங்கள் இருவர் மேலும் ஒன்றுமில்லை" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். போன இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து அவள் அழுததாக எனக்குப் பட்டது.

அதன்பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. பால் வற்றட்டும் என்று மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முளைகட்டிய ராகியை அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் காய்ச்சப் பழகினாள். அதை ஊரே ராகிப்பால் என்றுதான் சொல்லும். அவள் மட்டும் ராகித் தண்ணி என்பாள். பால் என்ற சொல்லே குழந்தையின் பக்கத்தில் வரக்கூடாது அவளுக்கு. முட்டையின் மஞ்சள் கரு, ஆரஞ்சுச் சாறு, பருப்புத் தண்ணீர் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். பாதி எங்களுக்கும் புதிதுதான். எது கொடுத்தாலும் மறுநாள் சிறுநீரைக் காய்ச்சுவோம். ஒரு பகலில் அத்தை எங்கிருந்தோ ஒரு குப்பியில் கழுதைப்பாலோடு வந்தார். பேத்தி மேல் இருந்த பாசம்தான். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "வேண்டாமுங்க அத்தை. நீங்க சொன்னதயெல்லாம் முன்னால ரெண்டுக்கும் கேட்டனுங்க. இதுக்கு நாஞ் சொல்றத நீங்க கேளுங்க." அத்தை குப்பியை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, "ராகி அரைக்கிறதுக்கு நம்மூட்டு ஆட்டுக்கல்லைத் தனியா ஒதுக்கி வெச்சர்றேன் சாமி" என்றார்.

சில மாதங்களில் மஞ்சள் வடிந்து, கன்னத்தில் சதை வைத்து, குழந்தை வில்வண்டியில் ஊர் திரும்பியது. விளக்குக் கம்பத்தில் முட்டிய காளையைப் பார்த்து அது சிரித்ததற்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். பல் கொஞ்சம் தாமதமாக முளைத்தது, பேச்சும் தாமதம் என்று அவ்வப்போது சேதி வரும்.

சில வருடங்கள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். வியாதிக்காக அல்ல, டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுப் போக. பச்சைப் பாவாடை கட்டி, ஓடி ஓடி வார்டைச் சுற்றிப் பார்த்தது அந்தக் குழந்தை. அன்றைக்குப் பேரன் பிறந்த மகிழ்ச்சியில் பீளமேட்டு அம்மாள் ஒருவர் கட்டில் கட்டிலாகத் திரட்டுப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு உருண்டையை இவளிடமும் நீட்டினார். தாய் வராந்தாவின் மறுகோடியில் டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் ஓடப் பார்த்தேன்; டாக்டரம்மா அங்கிருந்தே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

சிறுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்துத் திக்கித் திக்கிக் கேட்டாள்: "ஏனுங்... இதுல பாலு இருக்குங்களா?"

"பாலுதான் கண்ணு, பூராவும் பாலு."

"அப்ப எனக்கு ஆகாதுங்க" என்றவள், அந்த அம்மாளின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "வாழப்பழம் இருந்தாக் குடுங்க" என்றாள்.