அத்தையின் தலையை வெட்டிய கதை

பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வரும் பெண்களை வெட்டி ஒட்டிப் படம் செய்வதுதான் இப்போது என் பிழைப்பு. கண்காட்சிக்கு வருகிறவர்கள், இதை எங்கே கற்றீர்கள் என்று மரியாதையாகக் கேட்பார்கள். கோவில்பட்டியில், என் அத்தையின் தலையில் ஆரம்பித்தேன் என்றால் சிரிப்பார்கள். சத்தியமாக அதுதான் நிஜம்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அவளும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டு வாங்கிவந்து வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்துதான் காய்ச்சவேண்டும். இல்லாவிட்டால் எலியும் பூச்சியும் பெட்டியையே தின்றுவிடும். அச்சில் நிறம் விலகிப்போன லேபிள்களெல்லாம் எனக்கு. அவற்றில்தான் எத்தனை பெண்கள்! குடம் சுமக்கிறவள், மயிலோடு நிற்கிறவள், வாளோடு குதிரையேறிய ராணி. பெட்டி ஒட்டுகிறவள் மட்டும் ஒரு லேபிளிலும் கிடையாது. அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே உறைத்தது? இவள் தலையை அவள் உடம்பில் ஒட்டிப் பார்க்க உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துபோகும்.

அந்த வருஷம் அத்தைக்கு மணியாச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அத்தையோ டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

போட்டோவில் நகை தெரியவேண்டும், சடை தெரியவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த வீட்டில் காசுமாலை இரவல் வாங்கி, சடை நிறையப் பூத்தைத்து, ஸ்டுடியோவில் பெரிய கண்ணாடிக்கு முன்னால் அத்தையை நிறுத்தி எடுத்தார்கள். முன்னால் முகம், கண்ணாடிக்குள் சடை. அப்பியிருந்த பவுடரில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. தரகர் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று நிலைப்படிக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னால் அப்பா அதைச் செருகிவைத்தார்.

அன்று மத்தியானம் ஒட்டிய பெட்டிகளைக் கொடுக்க அம்மா ஆபீசுக்குப் போயிருந்தாள். அத்தை ஒரு கத்தை லேபிளை என் மடியில் போட்டு, கத்தரிக்கோலையும் தந்து, "ஏட்டி, சத்தங்காட்டாம வெட்டிக்கிட்டு இரு" என்றாள். கத்தைக்குள் அந்தப் போட்டோவும் கிடந்தது. பிறகென்ன, குதிரை ராணிக்கு அத்தையின் தலை கிடைத்துவிட்டது. எவ்வளவு பொருத்தம் தெரியுமா! பவுடர் முகம்கூட வாள் பிடித்ததும் மிடுக்காகிவிட்டது.

சாயங்காலம் தரகர் வந்தார். அப்பா சாமி படத்துக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தபோது, நான் பெருமையாக ராணியை நீட்டினேன். மிச்சப் போட்டோவையும்தான். தரகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மூஞ்சி இல்லாம அவியகிட்ட எதைக் காட்ட?"

அம்மா விளக்குமாற்றோடு என்மேல் பாய்ந்தாள். ரெண்டு அடி விழுவதற்குள் அத்தை குறுக்கே வந்து என்னைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளைய விடுங்க மைனி. அவிய கேட்டது நகையும் சடையும்தானே? ரெண்டும் அப்படியேதான இருக்கு. குடுத்து விடுங்க."

தரகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காசுமாலைக்காரி மறுபடி இரவல் தர மூக்கால் அழுதாள். இன்னொரு போட்டோ எடுப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதற்குள் அத்தைக்கு டிரெயினிங்கில் இடம் கிடைக்க, திருநெல்வேலி பஸ் ஏறிவிட்டாள். நல்ல சம்பந்தத்தைக் கெடுத்த சனியன் என்ற பெயர் எனக்கு ரொம்ப நாள் நிலைத்தது. ஆனால் பஸ் ஏறும்போது அத்தை என் கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் அந்தக் கத்தரிக்கோலையும் வைத்து அழுத்தினாள். தலையை வெட்டினவளுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே யோசித்தேன்.

அத்தை ரிட்டயர்டு டீச்சர் இப்போது. குதிரை ராணி அவள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறாள்; மயில்துத்தப் பசை, ஒரு பூச்சி தொடவில்லை. போகும்போதெல்லாம் பார்ப்பேன். சாமி படம் மாட்டியிருந்த அந்த உயரம், முக்காலிமேல் ஏறி நின்றாலும் அந்த வயதில் எனக்கு எட்டியிருக்காது. அன்று அது அடித்த அம்மாவுக்கும் தோன்றவில்லை, அடி வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.